பாங்கோ எந்தத் தெருவில் குடியிருக்கிறது?

சித்தப்பாவின் அச்சுக்கடை பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், மார்க்கெட் ஸ்திரீட்டை ஒட்டிய ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. கீழே பாத்திரக்கடை. படியேறும்போது ஒரு பக்கம் குத்துவிளக்கு வரிசை, மறுபக்கம் அடுக்கி வைத்த அண்டாக்கள். எதிலும் இடிக்காமல் ஏறுவதே ஒரு வித்தை. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, கருமக்கிரியை அட்டை, கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் அங்கே அடிப்பார்கள். தை பிறந்துவிட்டால் சித்தப்பாவுக்குப் பசியாறக்கூட நேரம் இருக்காது.

அவருக்காக ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். விருந்தினர் பட்டியலைக் கொடுத்தால், ஒவ்வொரு பத்திரிகையிலும் அவரவர் பெயரைத் தமிழில் பொறித்து, அச்சுக்குத் தயாராக பிடிஎஃப் ஆக்கித் தரும். சி மொழியில் எழுதினேன். ஏன் சி என்று கேட்காதீர்கள், எனக்குக் கைவந்தது அதுதான். முதல் மாதிரியைப் பார்த்ததும் சித்தப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"என்னாடா இது? ஸ்ரீ உடைஞ்சு கெடக்கு. கோமளவல்லியில கொம்பு பின்னால போய் ஒக்காந்திருக்கு. பொண்ணு வீட்டுக்காரன் என்னை உதைக்க வரப்போறான்."

அவர் சொன்னது சரிதான். கெய்ரோ என்ற வரைகலை லைப்ரரியில் (லைப்ரரி என்றால் யாரோ எழுதிவைத்த ஆயத்த நிரல்) எழுத்துப் போட ஓர் எளிய வழி இருக்கிறது. அது யூனிகோடில் எழுத்துகள் எந்த வரிசையில் வருகின்றனவோ அதே வரிசையில் வடிவங்களை அடுக்கிக்கொண்டே போகும். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் 'கோ' என்பது ககரமும் அதற்குப் பின்னால் ஓர் ஓகாரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. வரையும்போது அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, இரட்டைக் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போய் நிற்க வேண்டும். 'ஸ்ரீ' இன்னும் மோசம், நான்கு குறிகள் ஒரே வடிவமாகக் கூட வேண்டும். இந்தக் கூட்டுக் கணக்கைப் போடுவது ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரி. அதன் மேல் நின்று வரி பிரிப்பது பாங்கோ. எழுத்துருக் கோப்பைத் திறந்து கோடுகளை எடுத்துத் தருவது ஃப்ரீடைப். காகிதத்தில் வரைவது கெய்ரோ. பாங்கோவுக்கு அடியில் ஜிலிப் என்ற அடிப்படை லைப்ரரி. கல்யாண வீடு மாதிரிதான்: ஒருத்தரைக் கூப்பிட்டால் அவர் பின்னால் ஐந்து பேர் வருவார்கள்.

மூன்று இரவுகளில் பாங்கோவுக்கு மாற்றினேன். ஸ்ரீ சேர்ந்துவிட்டது, கொம்பு முன்னால் வந்துவிட்டது. என் மடிக்கணினியில்.

இதை எழுதுவது அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான். (பாதைகளையும் கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன்; சித்தப்பாவும் படிப்பார். வெட்டி ஒட்டினால் ஓடாது.)

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சோதனைக் கருவிகளுக்கான மென்பொருள் எழுதுகிறவன். அங்கே வரிசையாக நிற்கும் கணினிகள் எல்லாம் ஒரே வட்டின் நகல்கள். ஒன்றில் ஒரு கோப்பு எங்கே இருக்கிறதோ, எல்லாவற்றிலும் அங்கேயேதான் இருக்கும். அதனால் மேக்ஃபைலில், அதாவது புரோகிராமைக் கட்டும் கட்டளைகளை எழுதிவைக்கும் கோப்பில், முகவரிகளைக் கையால் எழுதிவைத்துப் பழகிவிட்டேன். சித்தப்பாவின் புரோகிராமுக்கும் அதே பழக்கம். கம்பைலர் நாம் எழுதிய நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றுவது; ஹெட்டர் ஒரு லைப்ரரியில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் கோப்பு. கம்பைலருக்கு 'இந்த அடைவில் (ஃபோல்டரில்) ஹெட்டர் தேடு' என்று சொல்ல ஒரு கோடு போட்டு பெரிய ஐ எழுத வேண்டும். 'இந்த அடைவில் லைப்ரரி தேடு' என்பதற்குக் கோடும் பெரிய எல்லும். 'இந்த லைப்ரரியைச் சேர்த்துக்கொள்' என்பதற்குக் கோடும் சிறிய எல்லும். என் மேக்ஃபைலில் பெரிய ஐ மட்டும் ஆறு இருந்தன. பாங்கோவுக்கு ஒன்று, கெய்ரோவுக்கு ஒன்று, ஹார்ஃப்பஸுக்கு, ஃப்ரீடைப்புக்கு, ஜிலிப்புக்கு இரண்டு.

ஜிலிப்புக்கு மட்டும் ஏன் இரண்டு என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கம்பைலர் கேட்டது, கொடுத்தேன்.

கடையில் பிரிண்டரோடு இணைத்திருந்தது ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, மின்சாரம் அதிகம் தின்னாது, சித்தப்பாவுக்கு அதுதான் பிடித்திருந்தது. அதில் கோப்புகளைப் போட்டு, மேக்ஃபைலை ஓட்டும் மேக் என்ற கட்டளையை அடித்ததும் வந்த பதில்: ஜிலிப்கான்ஃபிக்.ஹெச், அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை.

இருக்கிறது. தேடிப் பார்த்தேன், இருக்கத்தான் செய்தது. வேறு தெருவில்.

ஜிலிப்பின் ஹெட்டர்களில் பெரும்பாலானவை எந்தக் கணினியிலும் ஒன்றுதான். அவை யூஎஸ்ஆர் அடைவின் இன்க்ளூட் பகுதியில் இருக்கும். இந்த ஒரு ஹெட்டர் மட்டும் அப்படியில்லை. ஒரு முழு எண் எத்தனை பைட், ஒரு சுட்டி (பாயின்டர்) எத்தனை பைட் என்று அந்தக் கணினியின் உடல்வாகை எழுதிவைத்திருக்கும் கோப்பு அது. பிராசஸர் மாறினால் கோப்பும் மாறும். அதனால் அதை ஹெட்டர்களோடு வைக்காமல் லைப்ரரிகள் இருக்கும் அடைவுக்குள் வைக்கிறார்கள். என் மடிக்கணினியில் இருக்கும் உபுண்டு என்ற லினக்ஸில் அந்த இடம் /யூஎஸ்ஆர்/லிப்/எக்ஸ்86_64-லினக்ஸ்-குனு என்பதற்குள் இருக்கிறது. பையில் /யூஎஸ்ஆர்/லிப்/ஏஆர்ச்64-லினக்ஸ்-குனு என்பதற்குள். என் வீட்டில் ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் போட்ட ஒரு பழைய மேசைக்கணினி உண்டு, அதில் /யூஎஸ்ஆர்/லிப்64. கோலாலம்பூரில் வேலை பார்க்கும் சித்தப்பா மகளிடம் இருக்கும் புது ஆப்பிள் மேக் கணினியில் /ஆப்ட்/ஹோம்ப்ரூ/லிப். நான்கு கணினி, நான்கு முகவரி, ஒரே கோப்பு.

பினாங்குக்காரனுக்கு இது புதிதாக இருந்திருக்கக் கூடாது. எங்கள் ஊரில் ஒரு தெருவுக்கு எத்தனை பெயர்! பலகையில் லெபோ பாசார், டாக்சிக்காரருக்கு மார்க்கெட் ஸ்திரீட், என் அப்பா தலைமுறைக்கு வெறும் கடைத்தெரு. பிட் ஸ்திரீட் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் ஆகிப் பல காலம் ஆகிறது, பெரியவர்கள் வாயில் இன்னும் பிட் ஸ்திரீட்தான். தைப்பூசத்துக்கு எங்கே போகிறாய் என்றால் ஜாலான் கெபுன் பூங்கா என்று யாராவது சொல்வார்களா? தண்ணீர்மலை. வெளியூர்க்காரர் கையில் முகவரிச் சீட்டோடு அலைவார். உள்ளூர்க்காரர் கடைப்பெயரைச் சொல்லிக் கேட்பார், யாராவது கை காட்டுவார்கள்.

இந்த நான்கு முகவரிகளும் யாரோ விளையாட்டுக்கு வைத்தவை அல்ல. 64 பிட் கணினிகள் வந்தபோது பழைய 32 பிட் லைப்ரரிகளையும் கூடவே வைத்திருக்க வேண்டியிருந்தது. ஃபெடோரா குடும்பம் பழையவற்றை லிப்பில் விட்டு, புதியவற்றுக்கு லிப்64 என்று தனி அறை கட்டியது. உபுண்டுவுக்கும் பையில் ஓடும் லினக்ஸுக்கும் மூலமான டெபியன், இரண்டு என்ன, எத்தனை வகைப் பிராசஸர் வந்தாலும் இடம் கொடுப்போம் என்று முடிவுசெய்து, 2013-இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு வகைக்கும் அதன் முழுப்பெயரிலேயே ஓர் அடைவு திறந்தது. ஆப்பிள் 2020-இல் இன்டெல்லை விட்டுத் தன் சொந்த பிராசஸருக்கு மாறியபோது, மேக்கில் லைப்ரரிகளை நிறுவித் தரும் ஹோம்ப்ரூவும் பழைய /யூஎஸ்ஆர்/லோக்கலை இன்டெல்லுக்கு விட்டுவிட்டு /ஆப்ட்/ஹோம்ப்ரூவுக்குக் குடிபெயர்ந்தது. ஒவ்வொருவருக்கும் நியாயமான காரணம் உண்டு. நடுவில் மாட்டிக்கொள்வது மேக்ஃபைல் எழுதுகிறவன்.

சரி, பெயரைச் சொல்லிக் கேட்பது எப்படி?

ஒரு காலத்தில் ஒவ்வொரு லைப்ரரியும் தன் கூடவே ஒரு குட்டி ஸ்கிரிப்டைக் கொண்டுவந்தது. ஜிடிகே-கான்ஃபிக், ஜிலிப்-கான்ஃபிக், எக்ஸ்எம்எல்2-கான்ஃபிக், ஃப்ரீடைப்-கான்ஃபிக். அந்த ஸ்கிரிப்டை ஓட்டி 'உன் ஃபிளாக் என்ன', அதாவது அந்தப் பெரிய ஐ, எல் எல்லாம் என்ன என்று கேட்டால் சொல்லும். நல்ல யோசனைதான், ஆனால் ஐந்து லைப்ரரிக்கு ஐந்து ஸ்கிரிப்ட், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் வேறு மாதிரி பேசும், ஒன்றுக்கொன்று தெரியாது. குனோம் என்ற லினக்ஸ் மேசைத்திரைத் திட்டத்தில் இது தாங்க முடியாமல் போனபோது பிறந்ததுதான் பிகேஜி-கான்ஃபிக். முதலில் எழுதியவர் ஜேம்ஸ் ஹென்ஸ்ட்ரிட்ஜ். மார்ட்டைன் வான் பீர்ஸ் திருப்பி எழுதினார். ஹேவக் பென்னிங்டன் இன்னொரு முறை எழுதினார். மூன்று முறை எழுதப்பட்டும் அதன் கருத்து ஒரு வரிதான்: லைப்ரரியை நிறுவுகிறவர் அதன் முகவரியை ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைத்துவிட்டுப் போகட்டும்.

அந்தக் கோப்பைத்தான் பிசி கோப்பு என்கிறோம். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், பத்துப் பதினைந்து வரி வெறும் எழுத்து. மேலே பிரிஃபிக்ஸ், அதாவது எந்த அடைவுக்குக் கீழே நிறுவப்பட்டது என்று ஒரு வரி. லைப்ரரி எங்கே, ஹெட்டர் எங்கே என்பவை அதிலிருந்து பிறக்கும். அப்புறம் பெயர், விளக்கம், பதிப்பு எண். ரிக்வையர்ஸ் என்ற வரியில் தனக்குத் தேவையான மற்றவர்களின் பெயர்கள். கடைசியில் கம்பைலருக்கான ஃபிளாக் ஒரு வரி, கம்பைல் ஆனதை லைப்ரரிகளோடு இணைக்கும் லிங்கருக்கானது ஒரு வரி. நோட்பேடில் திறந்து படிக்கலாம். நான் இதைச் சித்தப்பாவுக்குக் காட்டினேன். "நம்ம பத்திரிகை மாதிரியே இருக்கு. இடம், நேரம், இப்படிக்கு" என்றார்.

பாங்கோகெய்ரோ என்று ஒரே ஒரு பெயரைக் கேட்டால் போதும். அதன் பிசி கோப்பு பாங்கோவைக் காட்டும், பாங்கோ ஜிலிப்பைக் காட்டும், கெய்ரோ ஃப்ரீடைப்பைக் காட்டும். பிகேஜி-கான்ஃபிக் வீடு வீடாக ஏறி இறங்கி எல்லா முகவரியையும் சேர்த்து ஒரே வரியாகக் கொடுக்கும். என் ஆறு பெரிய ஐயும் மேக்ஃபைலிலிருந்து போய்விட்டன. பையில் அடித்தேன்: பாங்கோகெய்ரோ என்ற பெயரில் யாரும் இல்லை என்றது. ஆனால் அதே பையில் பாங்கோவைப் பயன்படுத்தும் வேறு புரோகிராம்கள் ஓடிக்கொண்டிருந்தன!

இது டெபியன் பக்கம் வருகிற எல்லோரும் ஒரு முறை முட்டிக்கொள்ளும் கதவு. ஓடுவதற்குத் தேவையான லைப்ரரி ஒரு பொதி, அதை வைத்து மற்றொன்றைக் கட்டத் தேவையான ஹெட்டரும் பிசி கோப்பும் இன்னொரு பொதி. பின்னதன் பெயர் டெவ் என்று முடியும், ஃபெடோராவில் டெவல். அதை நிறுவியதும் சித்தப்பா கடையில் ஸ்ரீ ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு ராத்திரி நாசி கண்டார் சாப்பாடு அவர் செலவு.

இதோடு முடிந்திருந்தால் கட்டுரையும் முடிந்திருக்கும். பெயர் சொல்லிக் கேட்டால் பதில் கிடைக்கும், சரி. அந்தப் பதிலை எங்கே வைப்பது, எவ்வளவு நம்புவது என்பதில்தான் அடுத்த ஆறு மாதம் போனது.

முதல் அடி என் சொந்த உபுண்டுவிலேயே. மேக்ஃபைலைச் சுருக்குகிறேன் என்று லிங்கருக்கான ஃபிளாக்குகளை என் சி கோப்பின் பெயருக்கு முன்னால் வைத்துவிட்டேன். ஃபெடோராவில் ஓடியது. உபுண்டுவில் பாங்கோவின் ஒவ்வொரு செயல்பாட்டையும் தெரியாது தெரியாது என்று திட்டியது. ஃபிளாக் எல்லாம் சரி, முகவரி எல்லாம் சரி. காரணம், 2011-இலிருந்து உபுண்டு தன் லிங்கருக்கு 'தேவைப்பட்டால் மட்டும் சேர்' என்ற உத்தரவை முன்கூட்டியே கொடுத்து வைத்திருக்கிறது. லிங்கர் இடமிருந்து வலமாகப் போகும். முதலில் பாங்கோவைப் பார்த்தது. இதுவரை யாரும் இவரைக் கேட்கவில்லையே என்று விட்டுவிட்டது. அப்புறம் என் கோப்பு வந்து பாங்கோ எங்கே என்று கேட்டபோது பந்தி முடிந்திருந்தது. லைப்ரரிப் பெயர்கள் எப்போதும் கோப்புகளுக்குப் பின்னால்தான் வர வேண்டும். இருபது வருடமாகச் சி எழுதுகிறேன், இதை அன்றைக்குத்தான் கற்றேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடுத்தது ஃப்ரீடைப். பழைய பதிப்பில் ஒரு குறை இருந்ததால் 2.10-க்குக் குறைந்தால் கட்டாதே என்று மேக்ஃபைலில் காவல் போட்டேன். பிகேஜி-கான்ஃபிக்கிடம் 'குறைந்தபட்சம் இந்தப் பதிப்பா' என்று கேட்க ஒரு வசதி உண்டு. எந்தக் கணினியில் கேட்டாலும் ஆம் ஆம் என்றது. அவ்வளவு நல்ல உலகமா என்று சந்தேகப்பட்டு, பதிப்பு எண்ணையே கேட்டேன். 23.1.17 என்றது. ஃப்ரீடைப் தன் பிசி கோப்பில் எழுதுவது நாம் அறிந்த பதிப்பு எண் இல்லை. லிப்டூல் என்ற கருவிக்காக வைத்திருக்கும் வேறொரு எண். 2.10.1 என்ற பதிப்புக்கு அங்கே 23.1.17. எந்த எண்ணுக்கு எது என்ற அட்டவணை ஃப்ரீடைப்பின் ஆவணத்தில் இருக்கிறது, படித்திருந்தால் தெரிந்திருக்கும். 23 எப்போதும் 2-ஐ விடப் பெரியதுதானே, என் காவல்காரர் எல்லோரையும் உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்.

தங்கச்சியின் மேக் தனிக்கதை. அவள் பிரிக்ஃபீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். கோலாலம்பூரில் பத்திரிகை ஆர்டர் பிடித்து, மாதிரியை அங்கேயே காட்டி, பினாங்குக்கு அனுப்புவது அவள் யோசனை. "அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே அடிச்சேன். கம்பைல் ஆயிடுச்சி, கடைசியில திட்டுது" என்று திரையைப் படம் எடுத்து அனுப்பினாள். லிங்கர் சொன்னது இதுதான்: நான் ஆர்ம் பிராசஸருக்குக் கட்டிக்கொண்டிருக்கிறேன், நீ கொடுத்த கோப்பு இன்டெல்லுக்கானது, ஒதுக்கிவிட்டேன். அதற்குக் கீழே இரண்டு பக்கத்துக்குத் 'தெரியாது' பட்டியல்.

அரைமணி நேரம் தொலைபேசியில் பேசியபின் விளங்கியது. பழைய இன்டெல் மேக்கிலிருந்து புது மேக்குக்கு எல்லாவற்றையும் அப்படியே மாற்றியிருக்கிறாள். பழைய ஹோம்ப்ரூவும் கூடவே /யூஎஸ்ஆர்/லோக்கலில் வந்து உட்கார்ந்துவிட்டது. அப்புறம் புது ஹோம்ப்ரூ /ஆப்ட்டில். இரண்டு வீடு, இரண்டிலும் ஒரு பாங்கோ, இரண்டிலும் ஒரு பிகேஜி-கான்ஃபிக். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் முன்னால் வந்து நின்றது பழைய வீட்டுக்காரர். ரொசெட்டா என்ற மொழிபெயர்ப்பு வசதி இன்டெல் புரோகிராமைச் சத்தமில்லாமல் ஓட்டிவிடுவதால், அது வேறு காலத்து ஆள் என்றே தெரியவில்லை. தனக்குத் தெரிந்த முகவரியை நேர்மையாகச் சொன்னார். ஹெட்டர்கள் இரண்டு வீட்டிலும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் கம்பைலர் முனகவில்லை. பிராசஸருக்கென்றே செய்த லைப்ரரியைத் தொட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. பழைய ஹோம்ப்ரூவை எடுத்துப் போட்டோம். ஸ்ரீ வந்தது. எழுத்துருவுக்கு அவள் அலையவே இல்லை: மேக்கிலேயே இணைமதி இருக்கிறது, அதை வடித்த முத்து நெடுமாறன் நம்ம மலேசியக்காரர்.

இதே குழப்பத்தை நான் வேண்டுமென்றே உண்டாக்கிக்கொண்டதும் உண்டு. கடை நேரத்தில் பையைத் தொட சித்தப்பா விடமாட்டார். வீட்டு உபுண்டுவிலேயே பைக்கான புரோகிராமைக் கட்டிக் கொண்டுபோகலாம் என்று நினைத்தேன்: ஆர்முக்கான கம்பைலரை என் இன்டெல் கணினியில் ஓட்டுவது. கம்பைலரை மாற்றினேன், பிகேஜி-கான்ஃபிக்கை மறந்தேன். அது பாவம், கேட்டது யாருக்காக என்று தெரியாமல் என் மடிக்கணினியின் முகவரிகளைக் கொடுத்தது. இரண்டும் 64 பிட் என்பதால் ஜிலிப்கான்ஃபிக்கில் அளவுகள் ஒத்துப்போயின, கம்பைல் ஆனது. லிங்கர்தான் பாங்கோவைக் காணோம் என்று நின்றது. பை 32 பிட்டாக இருந்திருந்தால் தவறான அளவுகளோடு கம்பைல் ஆகியிருக்கலாம், அதை நினைத்தால்தான் பயம்.

இதற்கு மூன்று சூழல் மாறிகள் இருக்கின்றன, இரண்டின் பெயர் கிட்டத்தட்ட ஒன்று, வேலை வேறு. பிகேஜி_கான்ஃபிக்_பாத் என்பது வழக்கமான இடங்களோடு 'இங்கேயும் பார்' என்று சேர்ப்பது. பிகேஜி_கான்ஃபிக்_லிப்டிர் என்பது வழக்கமான இடங்களை மறந்துவிட்டு 'இங்கே மட்டும் பார்' என்பது. வேறு கணினிக்குக் கட்டும்போது இரண்டாவதுதான் வேண்டும். முதலாவதைப் போட்டால், பையில் இல்லாத ஒரு லைப்ரரிக்கு மடிக்கணினியின் முகவரி பின்வாசல் வழியாக வந்துவிடும். மூன்றாவது சிஸ்ரூட்_டிர், கிடைக்கிற முகவரிகளுக்கு முன்னால் பையின் நகல் இருக்கும் அடைவை ஒட்டுவதற்கு. டெபியன் குடும்பத்தில் ஏஆர்ச்64 என்று பெயர் முன்னொட்டிய பிகேஜி-கான்ஃபிக் கிடைக்கும், அது இவற்றைத் தானே பார்த்துக்கொள்ளும். அதனால்தான் மேக்ஃபைலில் பிகேஜி-கான்ஃபிக்கின் பெயரை நேராக எழுதாமல் ஒரு மாறியில் வைக்க வேண்டும், வெளியிலிருந்து மாற்றும்படி. நான் பார்த்த பல மேக்ஃபைல்களில் இந்த ஒரு வரி இல்லாததால் ஆட்கள் தவிக்கிறார்கள்.

இதுவரை சொன்னவை இரண்டு தேடல்கள்: ஹெட்டரைக் கம்பைலர் தேடுவது, லைப்ரரியை லிங்கர் தேடுவது. மூன்றாவது ஒன்று உண்டு, புரோகிராம் ஓடத் தொடங்கும்போது லைப்ரரியை மறுபடியும் தேடுவது. அதில் பிகேஜி-கான்ஃபிக்குக்கு வேலையே இல்லை. என் ஃபெடோராவில் புது ஹார்ஃப்பஸை மூலத்திலிருந்து கட்டி /யூஎஸ்ஆர்/லோக்கலில் நிறுவினேன். டெபியனில் அந்த இடத்தையும் பிகேஜி-கான்ஃபிக் பார்க்கும், ஃபெடோராவில் பார்க்காது. பிகேஜி_கான்ஃபிக்_பாத் மாறியைக் கொடுத்தேன், பார்த்தது, புதியதோடு கட்டியது. ஓட்டினேன், சிம்பல் (லைப்ரரியில் ஒரு செயல்பாட்டின் பெயர்) இல்லை என்று செத்தது. கட்டும்போது புதியவர், ஓடும்போது அதே பெயரில் பழையவர். எல்டிடி என்று ஒரு கட்டளை உண்டு. எந்த லைப்ரரி எங்கிருந்து வரப்போகிறது என்று காட்டும். அதில் பார்த்தபோது சிஸ்டத்தின் பழைய ஹார்ஃப்பஸ் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. ஆர்பாத் என்று புரோகிராமுக்குள்ளேயே முகவரியைப் பொறித்துச் சமாளித்தேன். முகவரியைக் கையால் எழுதுவதை ஒழிக்கக் கிளம்பியவன், கடைசியில் பைனரிக்குள்ளேயே எழுதினேன்.

"இதுக்குத்தான் சிமேக் இருக்கே, மெசான் இருக்கே" என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். இருக்கின்றன, இரண்டும் புரோகிராமைக் கட்டும் கருவிகள். மெசான் முதலில் பிகேஜி-கான்ஃபிக்கைத்தான் கேட்கும், அது எனக்குப் பிடிக்கும். சிமேக் ஒவ்வொரு லைப்ரரிக்கும் ஒரு தேடும் ஸ்கிரிப்டை வைத்துக்கொண்டு அடைவு அடைவாக ஊகிக்கும் பழக்கமுள்ளது. புதிய முறையில் லைப்ரரியே தன் சிமேக் கோப்பைக் கொண்டுவருகிறது. 1991-இல் டேவிட் மெக்கன்சி தொடங்கிய ஆட்டோகான்ஃப் இன்னொரு வழி: யாரையும் நம்பாதே, ஒரு குட்டி புரோகிராம் எழுதிக் கம்பைல் செய்து பார், ஆனால் இருக்கிறது என்று எடுத்துக்கொள். மெதுவானது, அதன் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஓடி முடிவதற்குள் ஒரு தே தாரிக் குடித்துவிடலாம். ஆனால் ஃப்ரீடைப் எண் கதைக்குப் பிறகு அந்தக் கிழவர் மேல் மரியாதை கூடிவிட்டது. என் மேக்ஃபைல் இப்போது முகவரியைப் பிகேஜி-கான்ஃபிக்கிடம் கேட்கிறது, பிறகு 'ஸ்ரீ' என்ற ஒற்றைச் சொல்லைப் பாங்கோவிடம் கொடுத்து எத்தனை வடிவமாகத் திரும்பி வருகிறது என்று எண்ணிப் பார்க்கிறது. ஒன்று வந்தால் சரி. பதிப்பு எண்ணை நான் கேட்பதே இல்லை.

வேடிக்கை ஒன்று. பழைய பிகேஜி-கான்ஃபிக் ஜிலிப்பைப் பயன்படுத்தி எழுதப்பட்டது. ஜிலிப்பைக் கட்ட வேண்டுமென்றால் பிகேஜி-கான்ஃபிக் வேண்டும். கடைசியில் ஜிலிப்பின் ஒரு நகலைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வந்தது. ஃபெடோரா 2017-லும் டெபியன் 2023-லும் பிகேஜிகான்ஃப் என்ற மறு ஆக்கத்துக்கு மாறியபின் அந்தச் சுமை இல்லை. ஃப்ரீடைப்புக்கும் ஹார்ஃப்பஸுக்கும் இடையில் இன்றைக்கும் அப்படியொரு பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவுதான். அதுவும் இதை நாடும், இதுவும் அதை நாடும்.

போன மாதம் சித்தப்பா பையை ஓரம் கட்டிவிட்டு, யாரிடமோ மலிவு விலைக்கு ஒரு விண்டோஸ் கணினி வாங்கி வந்தார். "இதுலயும் ஸ்ரீ வரும்தானே?" எம்சிஸ்2 என்ற தொகுப்பை வீட்டுக் கணினியில் நிறுவிக் கட்டினேன். எதிர்பார்த்ததைவிடச் சுலபம். விண்டோஸில் பிகேஜி-கான்ஃபிக் ஒரு புத்திசாலித்தனம் செய்கிறது: பிசி கோப்பில் எழுதியிருக்கும் பிரிஃபிக்ஸை நம்பாமல், அந்தக் கோப்பு இருக்கும் இடத்தைப் பார்த்துத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். அங்கே ஆளாளுக்கு ஒரு டிரைவில் நிறுவுவார்கள் அல்லவா. மேக்ஃபைலில் ஒரு வரிகூட மாற்றவில்லை. பெருமையாக விரலியில் போட்டுக் கடைக்கு எடுத்துப்போய், அண்டாக்களில் இடிக்காமல் மாடியேறி, சித்தப்பா முன்னால் இரட்டைச் சொடுக்குப் போட்டேன்.

பாங்கோகெய்ரோ டிஎல்எல், அதாவது அந்த லைப்ரரிக் கோப்பு, இந்தக் கணினியில் காணப்படவில்லை என்று ஒரு பெட்டி திறந்தது. மூன்றாவது தேடல்.

சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "பேரு சொல்லிக் கேட்டியாடா?"